செமித்திய மொழிகளைப் படித்தால் என்ன வேலை? கீழக்கரை மாணவியின் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரையில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி இப்படிக் கேட்டிருக்கிறார்: “சிறு வயதிலிருந்தே மதரஸாவில் குர்ஆன் ஓதியிருக்கிறேன். அரபியும் எபிரேயமும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று அறிந்ததிலிருந்து, அவற்றையும் அவற்றின் இலக்கியத்தையும் பல்கலைக்கழகத்தில் படிக்க ஆசைப்படுகிறேன். படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய் என்று வாப்பா கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.” இதையொட்டியே பாம்பனிலிருந்து ஒரு தம்பி, பழைய ஏற்பாட்டை மூல மொழியில் படிக்க எங்கே போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்தே விளக்கம் தருகிறேன்.

செமித்திய மொழிகள் என்ற பெயரை 1781இல் ஷ்லோட்சர் என்ற ஜெர்மானிய அறிஞர் வழங்கினார். அரபி, எபிரேயம், அரமேயம், அதன் கிளையான சுரியானி, எத்தியோப்பியத் திருச்சபையின் கீயெஸ், இன்று அந்நாட்டில் பேசப்படும் அம்ஹாரிக், களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தில் எழுதப்பட்ட அக்காடியம் எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ‘செமித்திய மொழிகள்’ என்ற பட்டப்படிப்பைத் தேட வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு உள்ள வழி, முதலில் அரபியில் பட்டம் பெற்று, அங்கிருந்து இரண்டாவது மொழிக்குப் போவதுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஓதத் தெரிவது வேறு, மொழி தெரிவது வேறு. எழுத்துக்கூட்டிப் பிழையில்லாமல் ஓதும் பயிற்சி உங்களுக்கு இருப்பதால் எழுத்தும் உச்சரிப்பும் ஏற்கெனவே கைவசம் இருக்கின்றன. புதிதாகச் சேரும் மாணவர் முதல் பருவத்தில் பெரும்பாடு படும் இடத்தை நீங்கள் எளிதாகக் கடந்துவிடுவீர்கள். ஆனால் அதற்கு அடுத்த படியில் நீங்களும் புதியவர்தான். அரபி அகராதியைத் திறந்து ‘மதரஸா’ என்ற சொல்லை மகர எழுத்தான மீம் வரிசையில் தேடினால் பொதுவாகக் கிடைக்காது. முன்னே நிற்கும் மீமை விலக்கி, த-ர-ஸ என்ற மூன்று மெய்களைக் கண்டுபிடித்து, தகர எழுத்தான தால் வரிசைக்குப் போக வேண்டும். மதரஸா, தர்ஸ் (பாடம்), முதர்ரிஸ் (ஆசிரியர்) என்று நீங்கள் அன்றாடம் கேட்ட சொற்களெல்லாம் அந்த ஒரே வேரின் கீழ் வரிசையாக இருக்கும். வேரைக் காணும் இந்தப் பயிற்சி அரபிக்கு மட்டும் உரியதன்று. எபிரேயத்திலும் சுரியானியிலும் மெய்கள் சற்றே மாறினாலும் முறை மாறுவதில்லை. அதனால்தான் அரபியை ஆழமாகக் கற்றவர்கள் அடுத்த செமித்திய மொழியை விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

எங்கே படிப்பது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீகம், உருது ஆகியவற்றுக்கான துறை இருக்கிறது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் அரபியைப் பட்டப்படிப்பிலிருந்து ஆய்வு வரை படிக்கலாம். வெளிமாநிலம் போக வீட்டில் இசைந்தால், ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமும், டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் உள்ளன. நேரு பல்கலைக்கழகத்தின் இளங்கலை அரபிக்கு, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைத் தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திராமல் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே போட்டுவிட வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் தவறவிடுவது இதைத்தான். இன்னொன்று, பகுதி ஒன்று மொழிப்பாடமாக அரபியை எடுப்பதும் அரபியையே முதன்மைப் பாடமாகப் படிப்பதும் ஒன்றல்ல. வணிகவியலில் சேர்ந்து, மொழிப்பாடமாக அரபி படித்துவிட்டு, அரபி முதுகலைக்கு இது போதும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். சேருமுன் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சுரியானிக்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. கேரளத்தின் கோட்டயத்தில் புனித எஃப்ரேம் பெயரில் இயங்கும் ஆய்வு நிறுவனத்தில், மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தோடு சுரியானி முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்க முடிகிறது. அக்காடியம், பண்டைய சிரியாவின் உகாரித்தியம், கீயெஸ் என்று மேலே போக விரும்பினால் ஐரோப்பாவைத்தான் பார்க்க வேண்டும். லெய்டன், ஹைடல்பர்க், ஹாம்பர்க், லண்டன் ஆகிய ஊர்களின் பல்கலைக்கழகங்களுக்கு இத்துறையில் நீண்ட மரபு உண்டு. பண விஷயத்தையும் சொல்கிறேன். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்கான பங்களிப்புத் தொகை மட்டும் கட்ட வேண்டும். அதே நாட்டில் ஹைடல்பர்க் அமைந்துள்ள மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்டவும் வேண்டும். ஜெர்மன் மொழி தெரியாமல் அங்கே இந்தப் படிப்பில் வெகுதூரம் போக இயலாது என்பதால், இளங்கலைக் காலத்திலேயே அதைத் தொடங்கிவிடுவது நல்லது.

இப்போது நான் மிகவும் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். அரபி தெரிந்தவர்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அரபியோடு தமிழையும் நன்றாக அறிந்து, அரபுத்தமிழ் (அரபி எழுத்தில் எழுதிய தமிழ்) ஏடு ஒன்றைக் கையில் கொடுத்தால் தடையில்லாமல் படிக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அரபியிலும் அரபுத்தமிழிலும் நூல்கள் எழுதினார். அவருக்கு முன்னும் பின்னும் கீழக்கரை, காயல்பட்டினம் முதல் இலங்கை வரை இந்த எழுத்து வழங்கியது. அதில் ஒரு பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். ட, ண, ள, ழ, ங, ஞ போன்று அரபியில் இல்லாத ஒலிகளுக்கு, நெருங்கிய அரபி எழுத்து ஒன்றை எடுத்துப் புள்ளியைக் கூட்டியோ இடம் மாற்றியோ புது எழுத்து ஆக்கியிருப்பார்கள். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் அரபியில் உயிர்க்குறி இல்லாததால், அவற்றுக்கும் தனிக் குறி அமைத்திருப்பார்கள். தமிழின் ஒலியமைப்பைத் துல்லியமாக அறிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது.

இதே வேலை வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது என்பதுதான் உங்களுக்கான வாசல். கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடத்தில், இறைவன் பெயர் எழுதிய தாளை வீசியெறியக் கூடாது என்று நூற்றாண்டுக் கணக்கில் சேர்த்துவைத்த காகிதங்களை, 1896–97இல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். சுமார் 1,93,000 துண்டுகள் இன்று அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. அவற்றில் கணிசமான பகுதி எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட அரபி. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வாணிபம் செய்த ஆபிரகாம் பென் யிஜூ என்ற யூதரின் கடிதங்கள் அந்தத் திரட்டின் வழியாகத்தான் நமக்குக் கிடைத்தன. எபிரேயத்தில் தனி எழுத்தில்லாத அரபி ஒலிகளுக்கு அந்த யூதர்களும் புள்ளி வைத்தே வழி கண்டார்கள். கேரளத்துச் சிரியன் கிறித்தவர்கள் மலையாளத்தைச் சுரியானி எழுத்தில் எழுதியபோது, போதாத ஒலிகளுக்கு மலையாள எழுத்துகளையே எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அரபுத்தமிழ், சுரியானி மலையாளம், எபிரேய எழுத்திலான அரபி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஆராய ஆள் வேண்டும். தமிழ்ச் சுவடிகளையும் எத்தியோப்பியச் சுவடிகளையும் ஒரே வளாகத்தில் ஆராயும் ஹாம்பர்க் சுவடிப் பண்பாட்டு மையம் போன்ற இடத்துக்கு நீங்கள் விண்ணப்பிக்கும்போது, உங்கள் ஊரும் உங்கள் தமிழும் உங்களுக்கான தகுதிகளாக நிற்கும். ஆகவே அரபி படிக்கிறோம் என்று தமிழை விட்டுவிடாதீர்கள். இலக்கணம் உட்பட முறையாகப் படியுங்கள்.

வாப்பாவின் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ‘செமித்தியவியலாளர் தேவை’ என்று நம் நாட்டில் விளம்பரம் வருவது அரிது. ஆய்வுப் பணிகள் உலக அளவிலும் குறைவு, போட்டி கடுமை. சம்பாத்தியத்துக்கு அரபிதான் கைகொடுக்கும். முதுகலை முடித்து யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை அரபியில் எழுதினால், உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் வழி திறக்கும். 1973 முதல் அரபி ஐ.நா. சபையின் அலுவல் மொழிகளுள் ஒன்று. ஆகாசவாணியின் வெளிநாட்டு ஒலிபரப்பில் அரபிக்கு இடமுண்டு. சென்னை, பெங்களூரு மருத்துவமனைகளுக்கு ஓமன், ஈராக், ஏமன் நாடுகளிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். அவர்களுக்கும் மருத்துவருக்கும் நடுவே நின்று பேச மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்படுகிறார்கள். வளைகுடாவில் ஒப்பந்தங்களையும் நீதிமன்ற ஆவணங்களையும் மொழிபெயர்ப்பது மரியாதையான தொழில். அமீரகத்தில் சட்ட மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமம் பெற வேண்டும்.

இவற்றுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கல்லூரியில் கற்பது எழுத்து அரபி. மஸ்கட்டிலிருந்து வரும் முதியவர் பேசுவது வட்டார வழக்கு. இரண்டும் தெரிந்தால்தான் மருத்துவமனை வேலை நடக்கும். அடுத்து, முதல் வரைவைக் கணினியே மொழிபெயர்த்துத் தந்துவிடும் காலம் இது. அந்த வரைவில் மருந்தின் அளவோ ஒப்பந்தத்தின் நிபந்தனையோ பிசகியிருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தக்கூடியவருக்குத்தான் இனி ஊதியம். அதற்கு அரபியோடு ஆங்கிலமும் திடமாக வேண்டும்.

பாம்பன் தம்பிக்கு: பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேயம், தானியேல், எஸ்றா நூல்களின் சில பகுதிகள் அரமேயம். பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியிலும் மதுரை அரசரடியில் உள்ள இறையியல் கல்லூரியிலும் எபிரேயம் கற்கலாம். கத்தோலிக்க மரபில் குருத்துவப் படிப்பு முடித்தவர்கள், 1909இல் தொடங்கப்பட்ட உரோமையின் விவிலிய நிறுவனத்துக்கு மேற்படிப்புக்காகப் போகிறார்கள். பங்குத்தந்தையிடம் பேசிப் பாருங்கள்.

மாணவிக்கு ஒரு வேலை தருகிறேன்; மற்ற நேயர்களும் செய்யலாம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்துப் பழைய வீடுகளில் உம்மம்மாமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் (நூல்கள்) இன்னும் இருக்கும். நைந்து போனால் மரியாதையாக மண்ணில் புதைத்துவிடுவது வழக்கம். அப்படிச் செய்வதற்கு முன், வீட்டாரிடம் அனுமதி கேட்டு, பகல் வெளிச்சத்தில், மேலட்டை முதல் கடைசித் தாள் வரை ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுங்கள். கடைசிப் பக்கத்தில் எழுதியவர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் பெரும்பாலும் இருக்கும். அதை மட்டும் இரண்டு முறை எடுங்கள். கிதாபு யார் வீட்டில் இருந்தது, எப்படி வந்தது என்பதைத் தனியாக எழுதி வையுங்கள்.