எரிக்கும் மாதம்: கடலோரப் புல்வெளியும் கட்டுப்படுத்திய தீயும்

(பந்திங் வட்டாரத் தோட்ட மக்கள் கூடிய பொதுநிகழ்வில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, இளையோரே, வணக்கம்.

லாலாங் புல் எரிந்த இடத்தில் முதலில் தலைகாட்டுவது லாலாங்தான் என்பது தோட்டத்தில் களை எடுத்த எவருக்கும் தெரியும். இலையெல்லாம் கருகினாலும், ஊசிமுனையோடு மண்ணுக்குள் ஓடும் அதன் வெள்ளைத் தண்டைச் சூடு எட்டுவதில்லை. அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய டெக்சஸ், லூசியானா கடலோரப் புல்வெளிகளைக் காப்போர் தீயைக் கருவியாகக் கொள்வதற்கும் இதுவே அடிப்படை. பழைய பரப்பில் 1 விழுக்காடுகூட எஞ்சாத அந்தப் புல்வெளியை எரிக்காமல் விட்டால், முட்புதரும் வெளியிலிருந்து வந்து பரவிய சீன டேலோ மரமும் அதை மூடிவிடும்.

ஆனால் எரித்தால் மட்டும் போதாது. எந்த மாதத்தில் எரிக்கிறோம் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது என்பேன். குளிர்காலத்தில் எரித்தால், உறங்கும் புல்லின் உணவுச் சேமிப்பு வேரில் பத்திரமாக இருக்கும். பழஞ்சருகு நீங்கிக் கறுத்த தரையில் வெயில் நேராக விழ, மண் விரைவில் சூடேறி வசந்தத்தில் புல் அடர்ந்து துளிர்க்கும். கால்நடைகள் சீண்டாத கார்டுப்புல் (cordgrass) என்ற முரட்டுப் புல்கூட அப்போது இளந்தளிராகிவிடும். டெக்சஸின் அரன்சாஸ் சரணாலயத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் பெருங்கொக்குகள் (whooping crane), எரித்த நிலத்தில் இறங்கி வெந்த ஓக் கொட்டைகளைப் பொறுக்குகின்றன. ஆனால் அதே குளிர்காலத்தில் புதரும் வேரில் உணவைச் சேர்த்து வைத்திருப்பதால், ஒரு தண்டு கருகிய இடத்தில் பல தண்டுகள் கிளைக்கின்றன.

கோடையில் நிலைமை வேறு. சேமிப்பை இலைக்கும் கிளைக்கும் செலவழித்துவிட்ட புதருக்கு அப்போது விழும் அடி பலமானது. அகன்ற இலைப் பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கிறது. மின்னல் மூட்டிய இயற்கைத் தீயும் அங்கே பெரும்பாலும் கோடையில்தான் பரவியது. எரித்தபின் வறட்சி தொடர்ந்தால் மட்டும் புல் தளர்ந்துபோகும். குளிர்காலத் தீ பாதுகாப்பானது என்று அதையே ஆண்டுதோறும் மூட்டுவது புதரை வளர்ப்பதாகவே முடியும் என்பது என் கருத்து.

நம் லாலாங் அங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. 1912 வாக்கில் ஜப்பானிய ஆரஞ்சுக் கன்றுகளைப் பொதிந்த வைக்கோலாக அலபாமாவில் இறங்கிய அது, உள்ளூர்ப் புல்லைவிடக் கடுஞ்சூட்டில் எரிந்து, எரிந்தபின் பூத்து விதை பரப்புகிறது. களைக்கொல்லி இல்லாமல் தீயால் மட்டும் அதை ஒழிக்க முடியாது.

தீ மூட்டுமுன் அங்கே காற்றோடு மண்ணின் ஈரத்தையும் பார்க்கிறார்கள். சதுப்பில் நீர் நின்றால் வேர் தப்பும். மண் காய்ந்திருந்தால் தீ வேருக்குள் இறங்கும். நம் கோல லங்காட் மாவட்டத்தில், மட்கிய தாவரங்களாலான கரிச்சதுப்பு மண்ணில் அப்படி இறங்கும் தீ, மேலே அணைந்த பிறகும் அடியில் வாரக்கணக்கில் புகைந்து புகைமூட்டத்தை உண்டாக்கும். ஆகவே அந்த முறையை இங்கே கொண்டுவரக் கூடாது.