மணிக்கட்டில் இருக்கும் சாவி

நேயர்களுக்கு வணக்கம்.

லேப்டாப்பில் வேலை செய்கிறவர்கள் ஒரு நாளில் எத்தனை தடவை பாஸ்வேர்டு தட்டுகிறோம்? டீ குடித்துவிட்டு வந்தால் ஒரு தடவை, போன் பேசிவிட்டுத் திரும்பினால் ஒரு தடவை. இந்தச் சலிப்பில்தான் பலர் பாஸ்வேர்டைச் சுருக்கி வைக்கிறார்கள். திரைப் பூட்டையே அணைத்துவிடுகிறவர்களும் உண்டு.

2016-இல் ஆப்பிள் நிறுவனம், தன் மேக் கணினிகளின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸின் சியரா பதிப்புடன் இதற்கு ஒரு வழி கொண்டுவந்தது. ஆப்பிள் வாட்ச் கட்டிக்கொண்டு மேக்கின் முன்னால் உட்கார்ந்து மூடியைத் திறந்தால் போதும், பூட்டு தானாக விலகிவிடும். மணிக்கட்டில் லேசாக ஒரு தட்டு விழும், அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் ஒரு சந்தேகம் வர வேண்டும். நான் வாட்ச்சோடு பக்கத்து அறையில் இருக்கிறேன், வேறு யாரோ என் மேக்கைத் திறக்கிறார்கள். அப்போது என்ன ஆகும்? புளூடூத் சுவர் தாண்டியும் போகுமே!

புளூடூத்தை மட்டும் நம்பினால் ஆபத்துதான். சிக்னல் பலமாக இருக்கிறது, ஆகவே ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்று கணக்குப் போட்டால், அந்தச் சிக்னலைப் பெருக்கிக் காட்டி யாரும் ஏமாற்றலாம். பையிலிருந்து சாவியை எடுக்காமலே திறக்கும் கார்கள் பிரிட்டனில் இப்படித்தான் களவு போயின. ஒருவன் சாவி இருக்கும் வீட்டு வாசலில் ஒரு கருவியோடு நிற்பான், இன்னொருவன் காரருகே. சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பிவிடும்.

மேக் அதனால் சிக்னலின் பலத்தோடு நிற்பதில்லை. வாட்ச்சைக் கண்டுபிடிக்க மட்டும் புளூடூத். பிறகு இரண்டும் நேரடியாக வைஃபையில் பேசிக்கொள்கின்றன. செய்தி போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துத் தொலைவைக் கணிக்கின்றன. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விநாடிகளை எண்ணி, இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று சொல்வோமே, அதே கணக்குதான். ஆனால் இங்கே ஓடுவது ரேடியோ அலை, அதாவது ஒளியின் வேகம். ஒரு நானோ விநாடியில், விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கில், அது 30 சென்டிமீட்டர் போய்விடும். சிக்னலைப் பெருக்கலாம், ஆனால் ஒளியைவிட வேகமாக அனுப்ப யாராலும் முடியாது. நடுவில் ஒரு கருவியை வைத்தால் தாமதம் கூடுமே தவிர குறையாது. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சரி, வாட்ச்சையே ஒருவன் கழற்றிக்கொண்டு போனால்? அதன் அடிப்புறத்து சென்சார் தோலை விட்டு விலகியதும் வாட்ச் பூட்டிக்கொள்ளும். மறுபடி கட்டும்போது எண்ணைத் தட்ட வேண்டும், அல்லது அதோடு இணைந்த ஐபோனைத் திறக்க வேண்டும். வாட்ச்சுக்குக் கடவு எண் வைக்காதவர்களுக்கு இந்த வசதியே கிடைக்காது. மேக்கை அணைத்துப் போட்டால் முதல் தடவை பாஸ்வேர்டு கொடுத்தே ஆக வேண்டும். அதனால் அதை மறந்துவிடாதீர்கள். வாட்ச் கட்டப் பழகியவர்கள் அதைத்தான் முதலில் மறக்கிறார்கள்.

2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா பதிப்பில், மென்பொருள் நிறுவ அனுமதி கேட்டால்கூட வாட்ச்சின் பக்கப் பொத்தானை இருமுறை அழுத்திச் சம்மதம் சொல்லலாம் என்றானது. கொரோனாவில் முகக்கவசம் போட்டு ஐபோன் முகம் அறியாமல் திண்டாடியபோது, 2021-இல் அதையும் வாட்ச்சிடமே ஒப்படைத்தார்கள்.

ஆனால் ஒரு பெரிய குறை இருக்கிறது. வாட்ச் திறக்குமே தவிர பூட்டாது. நீங்கள் எழுந்து கேன்டீனுக்குப் போனால், திரை அணைகிற வரை மேக் திறந்தே கிடக்கும். விண்டோஸில் நிலைமை தலைகீழ். 2017 முதல் அதில் டைனமிக் லாக் என்று ஒன்று உண்டு. புளூடூத்தில் இணைத்த போன் தூரம் போனால் சற்று நேரத்தில் கணினி பூட்டிக்கொள்ளும். திரும்பி வந்தால் திறக்காது. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால், பூட்டுவதைத்தான் கேட்பேன். திறக்க ஒரு விரல் ரேகை போதும், பூட்டுவதைத்தான் நாம் மறந்துவிட்டுப் போகிறோம்.

மேக் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் பகுதிக்குப் போய், திரை அணைந்ததும் உடனே பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள். எப்படியும் வாட்ச் திறந்துவிடும், உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. நாற்காலியை விட்டு எழும்போது கன்ட்ரோல், கமாண்ட், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ்காரர்களுக்கு விண்டோஸ் பொத்தானும் எல் (L) எழுத்தும்.

நன்றி, வணக்கம்.