காலி நாற்காலி

நடுவர் ஐயா, தில்லித் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

நாடுகள் ஒன்றுசேர்வதைக் கெடுப்பது கூட்டமைப்பு அதிகாரிகளா, நாட்டுத் தலைவர்களா? தலைவர்கள்தான்னு நாங்க சொல்றோம். ஐரோப்பியக் கூட்டமைப்போட தலைமையகம் பிரஸ்ஸல்ஸ். அங்க இருக்கிறவங்களைப் பத்தி எதிரணி அம்மா என்ன சொன்னாங்க? “பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகள் எல்லாம் ஒரே அச்சுல பிடிச்ச கொழுக்கட்டை. பிறந்த நாட்டை மறந்தவங்க.” அதுக்குக் கைதட்டல் வேற! இங்க பாதிப் பேர் சென்ட்ரல் கவர்ன்மென்ட். உங்க செக்‌ஷன்ல ஒரே ஃபைல்ல ரெண்டு பேர் ஒரே மாதிரி நோட் போட்டதுண்டா?

அம்மா, 1965-க்கு வாங்க. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துல அப்போ ஆறே நாடு. அதோட நிர்வாகக் குழுவுக்குப் பேர் கமிஷன். கமிஷன் தலைவர் ஹால்ஸ்டைன், ஜெர்மன்காரர். விவசாய நிதியை முடிவு பண்ண ஜூன் 30 கெடு. அவர் மூணு விஷயத்தை ஒரே மூட்டையாக் கட்டினார். விவசாய நிதி ஒண்ணு. சுங்க வரி நேரா சமூகத்தோட கஜானாவுக்கு, அது ரெண்டு. பட்ஜெட்டுல ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரம், மூணு. முதல் விஷயம் பிரான்ஸ் ஜனாதிபதி டி கோலுக்கு வேணும். மத்த ரெண்டும் ஆகாது. இந்தத் திட்டத்தை அரசுகளைக் கேக்காம முதல்ல ஸ்ட்ராஸ்பர்க்ல அந்த நாடாளுமன்றத்துல போய்ச் சொல்லிட்டார் ஹால்ஸ்டைன்!

கமிஷனுக்குள்ளேயே “வேண்டாம், வம்பு”ன்னவர் துணைத் தலைவர் மார்ஜொலின், பிரெஞ்சுக்காரர். ஹால்ஸ்டைன் பக்கம் நின்னவர் மான்ஷோல்ட், டச்சுக்காரர். ஒரே மேஜை, ரெண்டு நோட். எங்கேம்மா அச்சு?

டி கோல் என்ன பண்ணினார்? ஆறு நாட்டு அமைச்சர் குழுவுல பிரான்ஸ் நாற்காலிக்கு ஆள் அனுப்பலை. பிரஸ்ஸல்ஸ்ல இருந்த பிரதிநிதியையும் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டார். ஜூலை... காலி. ஆகஸ்ட்... காலி. தீபாவளி வந்துடுச்சு, இன்னும் காலி! டிசம்பர்ல பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தல். விவசாயச் சங்கம் கோவத்துல இருக்கு. முதல் சுற்றுல ஜெயிக்க முடியலை. எதிர்த்து நின்ன மித்தெரானோட ரெண்டாம் சுற்றுக்குப் போய்த்தான் டி கோல் ஜெயிச்சார். 1966 ஜனவரி, லக்ஸம்பர்க், ஆள் வந்தாச்சு. ஒரு நாடு ‘எனக்கு மிக முக்கியம்’னா ஒருமனதாகும்வரை பேசணும்னு பிரான்ஸ். மத்த அஞ்சு பேரும் ஒத்துக்கலை. ஒத்துக்கலைங்கிறதையே எழுதி வச்சுட்டு எழுந்தாங்க! அடுத்த வருஷம் ஹால்ஸ்டைன் பதவி போச்சு. நாற்காலியைக் காலி பண்ணினவர் 1969 வரைக்கும் ஜனாதிபதி.

தெற்காசிய நாடுகளோட கூட்டமைப்பு, நம்ம சார்க் மட்டும் என்ன? 1985 சாசனத்துலேயே எல்லா முடிவும் ஒருமனதா இருக்கணும், இருதரப்புத் தகராறு பேசவே கூடாது. 2014-க்கு அப்புறம் உச்சி மாநாடே கிடையாது. அங்க எட்டு நாற்காலியும் காலி.

ஐயா, ஒரு காலத்துல எழும்பூர்ல கொழும்புக்கு ஒரே சீட்டு. தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயல் தண்டவாளத்தைக் கொண்டுபோச்சு. அதைத் திரும்பப் போட விடாமத் தடுத்தது எந்தப் பிரஸ்ஸல்ஸ் அதிகாரி? அக்கரையில நம்ம பிள்ளைங்க இருக்காங்க, ஐயா. அந்தச் சீட்டு ஒண்ணு எடுத்துக் கொடுங்க. தீர்ப்பை அம்மாவுக்கே கொடுத்துடுங்க. வணக்கம்.