எல்லாருக்கும் இரட்சிப்பு உண்டா?

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

புனித சவேரியாரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்தவர். மணப்பாட்டில் அவர் தங்கிய குகையை இன்றும் காட்டுகிறார்கள். ஆனால் ஜப்பானுக்குப் போய்விட்டுத் திரும்பி, 1552 ஜனவரியில் கொச்சியில் உட்கார்ந்து அவர் எழுதிய நீண்ட கடிதத்தை நம்மில் பலர் படித்திருக்க மாட்டோம். இன்று நாம் பேசப்போகும் கேள்வி அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

ஜப்பானில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவரிடம் கேட்கிறார்கள்: எங்கள் அப்பா அம்மா, பாட்டன் பூட்டன் எல்லாரும் இந்தச் செய்தி வருவதற்கு முன்பே செத்துப்போனார்களே, அவர்கள் கதி என்ன? நரகம்தான் என்கிறார். நாங்கள் ஜெபித்தால், தானதர்மம் செய்தால் அவர்களுக்கு உதவுமா? உதவாது என்கிறார். கடவுளால் அவர்களை வெளியே எடுக்க முடியாதா, ஏன் என்றைக்கும் அங்கேயே கிடக்க வேண்டும்? சவேரியார் தமக்குக் கற்பிக்கப்பட்ட பதிலைச் சொல்கிறார். கேட்டவர்கள் அழுகிறார்கள். தமக்குப் பிரியமான நண்பர்கள் பரிகாரமே இல்லாத ஒன்றுக்காக அழுவதைப் பார்த்துத் தமக்கும் வருத்தமாக இருந்தது என்று அவரே எழுதுகிறார்.

யமகுச்சி ஊர்க்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நீங்கள் வரும்வரை எங்களுக்குத் தம்மைக் காட்டாமலே இருந்துவிட்டு, தம்மை வணங்காதவர்களை நரகத்தில் தள்ளுகிறவர் எப்படி நல்லவராக இருக்க முடியும் என்று கேட்டார்கள். கவனியுங்கள், எத்தனை பேர் மோட்சம் போவார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. உங்கள் கடவுள் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள். இன்னும் ஞானஸ்நானம்கூடப் பெறாதவர்கள், அதற்கு முன்னும் பின்னும் பல நூற்றாண்டுகள் நடந்த விவாதத்தின் உயிர்நாடியைத் தொட்டுவிட்டார்கள். நம் ஊரிலும் குடும்பத்தில் முதல் ஆளாகக் கிறிஸ்தவரானவர்கள் இதே கேள்வியைத் துக்க வீட்டில் மெதுவாகக் கேட்பார்கள். வேதம் தெரியாததால் கேட்கிறார்கள் என்று அவர்களை ஒதுக்குவது பெரிய அநியாயம்.

சரி, வேதம் என்ன சொல்கிறது? நேர்மையாகச் சொன்னால், இரண்டு பக்கமும் வசனம் உண்டு. மத்தேயு 25:46 இருக்கிறது: "இவர்கள் நித்திய ஆக்கினையை அடையவும், நீதிமான்களோ நித்திய ஜீவனை அடையவும் போவார்கள்." மாற்குவில் அவியாத அக்கினி இருக்கிறது. மறுபக்கம் 1 கொரிந்தியர் 15:22: "ஆதாமுக்குள் எல்லாரும் மரிக்கிறதுபோல, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள்." அதே அதிகாரம் தேவனே சகலத்திலும் சகலமுமாயிருப்பார் என்ற இடத்தில் போய் நிற்கிறது. 1 தீமோத்தேயு 2:4 எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட அவர் சித்தமுள்ளவர் என்கிறது. ஒரு பக்கத்து வசனங்களை மட்டும் துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்துக் கொடுப்பவர் எந்தக் கட்சியில் இருந்தாலும் வேதத்துக்கு நியாயம் செய்யவில்லை.

எல்லாரும் ஒருநாள் கடவுளிடம் திரும்புவார்கள் என்ற எண்ணம் நவீன காலத்துத் தளர்வு என்று சிலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படி இல்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் இறையியலாளர் ஓரிகன் அதை எழுதினார். அவருடைய தகப்பனார் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர். ஓரிகனும் தம் முதுமையில் ரோம அரசின் சித்திரவதையைத் தாங்கியவர். சொகுசான வாழ்க்கையிலிருந்து வந்த சிந்தனை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் எனக்கு ஓரிகனைவிட நெருக்கமானவர் ஒரு பெண், மக்ரீனா. நிஸ்ஸா நகரத்து ஆயர் கிரகோரியின் அக்கா. கி.பி. 379-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியின் வடபகுதியில், அண்ணன் பசிலியார் இறந்த துக்கம் ஆறாத கிரகோரி அக்காவைப் பார்க்க வருகிறார். வந்து பார்த்தால் அக்காவே சாகக் கிடக்கிறார். கட்டில் இல்லை. தரையில் கோணித்துணி விரித்த ஒரு பலகை, தலைக்கு இன்னொரு பலகை. காய்ச்சல் கொதிக்கிறது. அந்த நிலையில் இருவரும் ஆத்துமாவைப் பற்றியும் உயிர்த்தெழுதலைப் பற்றியும் பேசுகிறார்கள். அந்த உரையாடலைப் பிறகு எழுதி வைத்த கிரகோரி, அதில் அக்காவை 'ஆசிரியை' என்றே குறிப்பிடுகிறார். அந்தக் காலத்து ஆயர் ஒருவர் ஒரு பெண்ணை அப்படி எழுதியதே பெரிய விஷயம்.

மரணத்துக்குப் பின் வரும் வேதனை எதற்கு என்று கிரகோரி கேட்கிறார். மக்ரீனா ஒரு கயிற்றைக் காட்டி விளக்குகிறார். களிமண் அப்பி இறுகிய கயிறு. அதை ஒரு சிறிய துவாரத்தின் வழியே ஒருவர் இழுக்கிறார். இழுக்கிறவருக்கு வேண்டியது கயிறு. மண் துவாரத்தில் தட்டி உதிரும்போது இழுபறி நடக்கிறது, அதுதான் வேதனை. மண் எவ்வளவோ அவ்வளவு வேதனை. கடவுள் பகைத்தோ பழிவாங்கவோ வதைப்பதில்லை. தமக்குச் சொந்தமானதைத் தம்மிடம் இழுக்கிறார் என்கிறார். தீமை எங்காவது ஒரு மூலையில் என்றென்றும் நீடித்தால், கடவுள் சகலத்திலும் சகலமுமாக இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? மக்ரீனாவின் வாதம் அங்கேதான் நிற்கிறது.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். 543-இல் பேரரசர் ஜஸ்டீனியன் ஓரிகனைக் கண்டித்து ஆணை போட்டார். 553-இல் கான்ஸ்டான்டிநோபிள் பொதுச்சங்கத்தோடு சேர்த்து வழங்கும் 15 சாபக் கூற்றுகளும் உண்டு. அவற்றைச் சங்கமே நிறைவேற்றியதா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் தகராறு. உலகத்துக்கு முன்பே ஆத்துமாக்கள் இருந்தன என்ற கொள்கையோடு பிணைந்த 'எல்லாரும் மீட்கப்படுவார்கள்' என்ற கருத்தைத்தான் முதல் கூற்று சபிக்கிறது. கிரகோரியை யாரும் சபிக்கவில்லை. அவரும் மக்ரீனாவும் கிழக்கிலும் மேற்கிலும் இன்றுவரை புனிதர்கள்.

மேற்கில் தராசை மறுபக்கம் சாய்த்தவர் வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்தீன். அவரை நான் குறைத்துப் பேச மாட்டேன். நரகம் முடிவில்லாதது என்பதை ஏற்க மனம் வராத கிறிஸ்தவர்கள் தம் காலத்தில் மிகப் பலர் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அவர்களுக்கு அவர் சொன்ன பதில் பலமானது: ஒரே வசனத்தில் ஆக்கினையும் ஜீவனும் நித்தியம் என்று வருகின்றன; ஒன்றுக்கு முடிவு உண்டென்றால் மற்றதற்கும் உண்டு என்றாகாதா? இதற்குச் சுலபமான பதில் கிடையாது. ஆனால் இந்த நிலையைக் காப்பாற்ற அகஸ்தீன் கொடுத்த விலையைப் பாருங்கள். "எல்லா மனுஷரும்" என்று தீமோத்தேயுவில் வருவதற்கு எல்லா வகை மனுஷரிலும் சிலர் என்று பொருள் சொல்ல வேண்டியதாயிற்று.

அமெரிக்க மெய்யியலாளர் தாமஸ் டால்பட் இந்தச் சிக்கலைத் தெளிவாக எடுத்து வைத்தார். கடவுள் எல்லாரையும் மீட்க விரும்புகிறார். கடவுள் விரும்பியதை நிறைவேற்றுவார். சிலர் என்றென்றைக்கும் இழக்கப்படுவார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிக்க முடியாது, ஒன்றை விட்டே ஆக வேண்டும். அகஸ்தீனும், புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வினும் முதலாவதை விட்டார்கள். மெத்தடிஸ்ட் சபையைத் தொடங்கிய வெஸ்லியின் வழிவந்தவர்கள், மனிதனின் சுயசித்தத்தை மதித்து, இரண்டாவதை விட்டார்கள். மக்ரீனா மூன்றாவதை விட்டார். நீங்கள் எதை விடுகிறீர்களோ அதைப் பொறுத்து நீங்கள் வணங்கும் கடவுளின் முகம் மாறுகிறது. முதலாவதை விட்டால் அவருடைய அன்புக்கு எல்லை உண்டு. இரண்டாவதை விட்டால், அவர் தம் பிள்ளைகளில் சிலரை நித்தியத்துக்கும் இழந்துவிட்டவர்.

நான் மூன்றாவதை விடுகிறவன். மறைக்காமல் சொல்கிறேன். கடவுளை முகமுகமாகப் பார்த்த பிறகும் ஒருவன் முடிவில்லாமல் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பான் என்றால், அதைச் சுதந்திரம் என்று என்னால் அழைக்க முடியவில்லை. அது நோய். நோயாளிகளைத் தேடி வந்தேன் என்றுதானே இயேசு சொன்னார்?

இங்கே உங்களில் சிலருக்கு நெஞ்சு கொதிக்கும். கொலை செய்தவனும் ஏழையை நசுக்கியவனும் கடைசியில் தப்பித்துவிடுவானா? நியாயமான கொதிப்பு. இதற்கு நான் கண்ட நல்ல பதில் ஏழாம் நூற்றாண்டின் நினிவே ஈசாக்கிடம் இருக்கிறது. இன்று நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் கத்தார் பகுதியில் பிறந்தவர். மலபார் கரைக்கு ஆயர்களை அனுப்பிய அதே கீழைச் சிரியத் திருச்சபையில் ஆயரானவர். ஐந்தே மாதத்தில் அந்தப் பதவியை விட்டுவிட்டு மலைக்குப் போய்த் துறவியாக வாழ்ந்தார். அவருடைய எழுத்தின் ஒரு பெரும்பகுதி தொலைந்துபோனதாகவே கருதப்பட்டு, 1983-இல் ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்தில் அறிஞர் செபாஸ்டியன் பிராக் கண்ணில் பட்டது. நரகத்தைப் பற்றிய அவருடைய முக்கியமான அதிகாரங்கள் அதில்தான் இருந்தன.

எந்த ஊருக்கு அவர் ஆயர் என்று பாருங்கள். கடவுள் மன்னித்துவிட்டாரே என்று தீர்க்கதரிசி யோனா கோபித்துக்கொண்ட அதே நினிவே! "நீர் இரக்கமும் மனஉருக்கமும் நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையுமுள்ளவர்" என்பதை யோனா ஒரு புகாராகவே சொல்கிறார். நம் விவாதம் பழைய ஏற்பாட்டிலேயே தொடங்கிவிட்டது.

ஈசாக்கு நரகத்தை இல்லை என்று சொல்லவில்லை. நரகத்தில் இருப்பவர்களை அடிப்பது அன்பின் சாட்டை என்கிறார். கடவுளின் அன்பு அங்கேயும் இருக்கிறது. அந்த அன்புக்குத் துரோகம் செய்தோம் என்ற உணர்வுதான் எந்த வாதையையும்விடக் கடுமையாக எரிக்கிறது. படைக்கும்போதே இவர்கள் என்ன செய்வார்கள் என்று அறிந்திருந்தும் படைத்தவர், பிறகு அவர்களைக் கைவிடுவதற்காகப் படைத்தார் என்று நினைப்பதே தேவதூஷணம் என்று எழுதுகிறார்.

இதை நம் மண்ணில் வைத்து யோசித்துப் பார்க்கிறேன். செத்தவர்களையும் சாதி பார்த்துச் சுவர் வைத்துப் பிரித்த கல்லறைத் தோட்டங்கள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. கிறிஸ்தவர்கள் கட்டிய சுவர். அந்தச் சுவரைக் கட்டிய பெரிய மனிதர் செத்தபின் கண் விழிக்கிறார். எதிரே விருந்துப் பந்தி. யாரை அந்தப் பக்கம் புதைக்கச் சொன்னாரோ, அவர் பந்தியின் முதல் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இவருக்குப் பக்கத்தில் இடம் போட்டிருக்கிறது. அவர் கையால்தான் இவர் சாப்பாடு வாங்க வேண்டும், அவர் கண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இது தப்பித்தல் என்று நினைக்கிறீர்களா? அந்தச் சுவர் நெஞ்சுக்குள் இருக்கும்வரை அந்தப் பந்தி இவருக்கு நெருப்பு. எத்தனை யுகம் ஆகுமோ தெரியாது. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு இதில் ஒன்று கிடைக்கிறது: தனக்குச் செய்தது தவறு என்று செய்தவன் வாயாலேயே கேட்கிறார். முடிவில்லாத சூளையில் கத்திக்கொண்டிருக்கும் ஒருவனால் அதைக் கொடுக்கவே முடியாது.

எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்றால் ஊழியம் எதற்கு என்ற கேள்வியும் வரும். பயத்தால் மட்டுமே ஓடும் ஊழியமாக இருந்தால், ஆமாம், நின்றுபோகும். பவுல் பயத்தால் ஓடவில்லை. "கிறிஸ்துவின் அன்பு எங்களை நெருக்கி ஏவுகிறது" என்கிறார்.

இதை விசுவாசப் பிரமாணமாக எல்லார் மேலும் திணிக்க நான் வரவில்லை. கத்தோலிக்க இறையியலாளர் பால்தசார், எல்லாருக்காகவும் நம்பிக்கை வைப்பது நம் கடமை என்ற அளவில் நின்றார். நரகம் காலியாக இருப்பதாக நினைக்கவே விரும்புகிறேன் என்று 2024 ஜனவரியில் போப் பிரான்சிஸ் தொலைக்காட்சியில் சொன்னபோது, அது கோட்பாடு அல்ல, தம் சொந்த எண்ணம் என்றும் சேர்த்தே சொன்னார். அந்த அளவுக்காவது நம் சபைகள் வரலாம்.

அதற்கு ஒரு வேலை சொல்கிறேன். தீமோத்தேயுவில் நாம் பார்த்த வசனத்துக்கு மூன்று வசனம் முன்னால், எல்லா மனுஷருக்காகவும் விண்ணப்பங்களையும் ஜெபங்களையும் பண்ணவேண்டும் என்று இருக்கிறது. அடுத்த முறை ஞானஸ்நானம் பெறாத ஒருவரின் சாவுக்குப் போகும்போது, அவர் எங்கே போயிருப்பார் என்று வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். உள்ளே போய், அவர் பெயரைச் சொல்லி, அவர் பிள்ளைகள் காதில் விழும்படி, அவரைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைத்து ஜெபியுங்கள். சில சபைகளில் இதற்கு அனுமதி இல்லை என்று எனக்குத் தெரியும். அனுமதி கேட்டுப் போதகரிடம் பேசுங்கள்.

நேரம் இருக்கிறது, கேள்விகளைக் கேட்கலாம். மத்தேயு 25-ஐ வைத்து என்னோடு வாதாட வந்திருப்பவர்கள் முதலில் வாருங்கள்.