அந்த ராணியிடம் சொந்தமாகக் காசு இருந்ததா?

(வேலூரில் நடந்த ஒரு சரித்திர நாவல் வெளியீட்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களே, நூலை வெளியிட்டுச் சிறப்பித்த ஓய்வுபெற்ற நீதிபதி அவர்களே, முதல் படியைப் பெற்றுக்கொண்ட கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்பு அழகாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, குடியாத்தத்திலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பீடித் தொழிலாளத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய சால்வையை நூலாசிரியரின் தாயாருக்குப் போர்த்த வேண்டும் என்று கேட்டேன். தலைவர் அவர்கள் அன்போடு இசைந்தார்கள். அவருக்கு என் நன்றி.

இந்த நாவலைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். ஒன்று, இதில் இருக்கும் சரித்திரம். இரண்டு, இதில் இருக்கும் காதல். மூன்று, இதன் நடை.

நம் ஊரைப் பற்றி ஒரு பழைய சொல் உண்டு. அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அழகு இல்லாத பெண்கள் என்று வெளியூர்க்காரர்கள் அடுக்குவார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் தம் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து ஓடியதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அந்தப் பட்டியலில் என்னை உறுத்துவது கடைசி வரி. கோட்டையைப் பார்த்தவன் அரசனைத் தேடினான், கோயிலைப் பார்த்தவன் சாமியைத் தேடினான், பெண்ணைப் பார்த்தவன் அழகை மட்டும் தேடியிருக்கிறான். அவள் என்ன வேலை செய்தாள், என்ன சம்பாதித்தாள், யாரை நம்பியிருந்தாள் என்று அவன் கேட்கவில்லை. இந்த நாவலாசிரியர் கேட்டிருக்கிறார்.

கதை நடக்கும் இடம் நம் கோட்டை. 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவர் பிள்ளைகளையும் குடும்பத்துப் பெண்களையும் கும்பினியார், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார், இங்கே கொண்டுவந்து காவலில் வைத்தார்கள். 1806 ஜூலை 9ஆம் தேதி திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டைக்குள் கல்யாணம். மறுநாள் விடியும் முன்பே சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கிவிட்டார்கள். நெற்றியில் குறி இடாதே, கடுக்கனைக் கழற்று, தாடியை எடு, புதுத் தலைப்பாகை போடு என்று வந்த உத்தரவுகள் மூட்டிய தீ அது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்ததும், நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டதும் பள்ளிப் பாடத்திலேயே இருக்கின்றன.

பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று கொல்லப்பட்ட கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவி, குழந்தைகளோடு ஒளிந்து உயிர் தப்பினார். தாம் கண்டதை எழுதியும் வைத்தார். அவரிடம் காகிதம் இருந்தது, எழுதத் தெரிந்திருந்தது, வாங்கிப் படிக்க ஆள் இருந்தது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். அதே இரவில், அதே மதிலுக்குள், கையில் மருதாணியோடு உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் என்ன நினைத்தாள்? நான் படித்த எந்தச் சரித்திரத்திலும் அவள் குரல் இல்லை. சிப்பாய்கள் ஒன்றுகூட வாய்த்த சாக்காக மட்டுமே அவள் கல்யாணம் வருகிறது. அவள் உடுப்பைத் தைத்தவளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்தத் தையல்காரிதான் இந்த நாவலின் நாயகி.

(நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் இப்போது வந்திருக்கிறார்கள். அவர்களை வருக வருக என வரவேற்கிறேன். மேடையில் இடம் இருக்கிறது அம்மா, வாருங்கள். நான் பின்னால் சொல்லப் போகும் விஷயத்துக்கு நீங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.)

இங்கே என் அத்தையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டு பிள்ளைகளோடு புகுந்த வீட்டை விட்டுக் குடியாத்தத்துக்குத் திரும்பி வந்தவர். தம்பி சோற்றை ஒரு வேளைகூடச் சும்மா சாப்பிட மாட்டேன் என்று மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்தவர். இலையை நனைத்து, அளவு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் சுற்றினால்தான் கூலி. அதிலும் ஏஜென்ட் ஒரு கை அள்ளிக் கழிவு என்று ஒதுக்கிவிடுவார். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்து வீட்டில் பத்திரிகைத் தொடர்கதையை வாராவாரம் கிழித்துத் தைத்து வைத்திருந்தார்கள். ராஜா ராணி கதை. அதை நான் படிக்க வேண்டும், அத்தை சுற்றிக்கொண்டே கேட்பார்.

வைகாசி முதல் நாள். அம்மன் சிரசை ஊர்வலமாக எடுத்து வரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தெருக்கோடியில் பம்பை கேட்கிறது. எனக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை. பத்துப் பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டு அத்தியாயம் முடிந்தது என்றேன். அத்தை தலை நிமிரவில்லை, விரலும் நிற்கவில்லை. "டேய், குதிரை மேல போனவன் எப்பிடிடா தோணியில வர்றான்? நடுவுல குதிரைய எங்கடா வுட்டான்?" என்றார். திரும்ப உட்கார்ந்து அந்தப் பத்துப் பக்கத்தையும் படித்து முடித்துவிட்டுத்தான் சிரசு பார்க்கப் போனேன். போகும்போது மறித்து இன்னொரு கேள்வி கேட்டார். "அந்த ராணி, அரமனைய வுட்டுப் போறேன், போறேன்னு சொல்றாளே, அவகிட்ட சொந்தமா காசு இருந்துச்சா?"

அன்று நான் பதில் சொல்லவில்லை. புத்தகத்திலும் பதில் இல்லை. விடுதலை வேண்டும் என்று நிலா வெளிச்சத்தில் பேசும் நாயகிகளை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். மறுநாள் உலையில் போட அரிசி யார் வாங்கினார்கள் என்று கதை சொல்லாது. தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்திலேயே, 1879இல், நாயகி ஞானாம்பாள் ஒரு நாட்டையே ஆண்டாள். ஆனால் ஆண் வேடம் போட்டுக்கொண்டுதான் ஆள முடிந்தது. இந்தத் தையல்காரிக்கு வேடம் தேவைப்படவில்லை. சிப்பாய் அவளைக் கேட்கிறான், நான் உன்னைக் காப்பாற்றுகிறேன், வா என்று. அவள் அவனை விரும்புகிறாள், ஆனால் முதலில் தன் கூலி பாக்கியைக் கணக்குப் பார்க்கிறாள். ஊசி, நூல், கத்தரிக்கோல், ஒன்றரை மாதக் கூலி. அவ்வளவையும் முடிச்சாகக் கட்டிக்கொண்ட பிறகுதான் அகழியைப் பார்க்கிறாள். இதுதான் காதல் அத்தியாயம். என் அத்தை இருந்திருந்தால் முறத்தைக் கீழே வைத்திருப்பார். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

அறிவொளி இயக்கம் வந்த நாட்களில் அத்தை ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றார். கற்றதும் நூலகத்துக்குப் போனார். மூடியிருந்தது. பீடிக் கட்டை ஏஜென்டிடம் போட்டு, சமைத்து, பிள்ளைக்கு ஊட்டிவிட்டு ஒரு பெண் வெளியே வருவதற்குள் மணி ஆறாகிவிடுகிறது. அதற்குள் கதவைப் பூட்டிவிட்டால் அவள் எப்போது படிப்பாள்? ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிக்கும் தோல் தொழிற்சாலைக்கும் போகிற பெண்கள் வேன் இறங்கும் நேரமும் அதுதான். 1948இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் வாங்கிய புத்தகம், வேலைக்குப் போகும் பெண் கைக்கு எட்டாத நேரத்தில் திறந்திருந்து என்ன பயன்? சட்டியை நிரப்பி வைத்துவிட்டு அடுப்படியைப் பூட்டினால் அகப்பைக்கு எப்படி வரும்?

அதனால் தலைவர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன். கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் மாலை ஆறிலிருந்து எட்டரை வரை திறந்திருக்க வேண்டும். பெண்களுக்கு விளக்கு, விசிறி, கழிப்பறையோடு தனி வாசிப்பறை வேண்டும். தெருவிளக்கு எரிய வேண்டும். எட்டரைக்கு மேல் கிராமத்துக்குப் போக ஒரு நகரப் பேருந்து வேண்டும்.

நடையைப் பற்றிப் பேராசிரியர்கள் எழுதுவார்கள். தலைவர் மணியைப் பார்க்கிறார். மனு வாசலில், புத்தகம் விற்கும் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம். நான் வாங்கிய பத்துப் படிகளை முன்வரிசைத் தாய்மார்களிடம் கொடுத்துவிட்டேன். ஒருவர் படிக்க, மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேளுங்கள். பக்கத்தைத் தாண்டிப் படித்தால் விடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.