மனசு நிறைகிற காதல் அனிமே எது? ஒரு கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள் பற்றி ஒரு தங்கை அனுப்பிய கேள்வியோடு தொடங்குகிறேன். "அண்ணா, நான் பார்த்த காதல் அனிமே எல்லாம் 12 எபிசோடில் பாதியில் நின்றுவிடுகிறது. கடைசி வரைக்கும் கையைக்கூடப் பிடிப்பதில்லை. அழ வைத்தாலும் பரவாயில்லை, பார்த்து முடித்ததும் மனசு நிறைய வேண்டும். எதைப் பார்ப்பது, எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறார்.

ரொம்ப நியாயமான ஆதங்கம் இது. ஏன் பாதியில் நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், தேர்ந்தெடுக்க அது உதவும். பெரும்பாலான காதல் அனிமே மாங்கா என்கிற ஜப்பானிய காமிக்ஸிலிருந்தோ நாவலிலிருந்தோ வருகிறது. மூலக்கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று மாதத்துக்கான 12, 13 எபிசோடை எடுத்துவிடுகிறார்கள். அனிமே பிடித்தவர்கள் புத்தகத்தை வாங்கிப் படிக்கட்டும் என்ற கணக்கும் அதில் உண்டு. அதனால் பார்ப்பதற்கு முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: மூலக்கதை முடிந்துவிட்டதா, அனிமே அதன் கடைசி வரை போகிறதா? ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001-இல் வந்தது 26 எபிசோடில் நின்றுவிட்டது, மாங்கா அப்போது முடியவில்லை. 2019-இல் மறுபடி முதலிலிருந்து எடுத்து, 2021-இல் கடைசிப் பக்கம் வரை கொண்டுபோனார்கள். மொத்தம் 63 எபிசோட். கதையின் ஜோடி தோருவும் க்யோவும் படுகிற பாட்டுக்கெல்லாம் பலன் இருக்கிறது. பார்ப்பதானால் புதியதையே பாருங்கள்.

இன்னொன்று, ஜப்பானிய வழக்கத்தில் 'கொகுஹாகு' என்று ஒன்று உண்டு. உன்னைப் பிடித்திருக்கிறது, நாம் பழகலாமா என்று வாய்விட்டுக் கேட்பது. அந்தப் பேச்சு நடந்து, எதிரில் இருப்பவர் சரி என்ற பிறகுதான் இருவரும் ஜோடி. அதனால் நிறைய கதைகள் அந்த ஒரு வார்த்தையையே மலை உச்சியாக வைத்து, அங்கே ஏறியதும் முடிந்துவிடுகின்றன. எனக்கு அது போதவில்லை. சொன்ன பிறகு என்ன ஆகிறது? மறுநாள் பள்ளியில் எப்படி முகம் பார்ப்பார்கள்? சண்டை வந்தால் யார் முதலில் பேசுவார்? அதைக் காட்டுகிற கதைகளில்தான் எனக்கு மனசு நிறைகிறது. இப்போது சொல்லப்போகிறவை பெரும்பாலும் அந்த வகைதான்.

முதலில் 'த்சுகி கா கிரேய்'. 2017, 12 எபிசோட். மாங்காவிலிருந்து எடுத்ததில்லை, அனிமேவுக்காகவே எழுதிய கதை. அதனால் 12 எபிசோடுக்குள் கதை முழுமையாக முடிகிறது. டோக்கியோவுக்குப் பக்கத்தில் சைத்தாமா மாகாணத்தில் கவாகோயே என்று பழைய ஊர், சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் திருவிழாவுக்கும் பெயர் பெற்றது. அங்கே நடுநிலைப் பள்ளிக் கடைசி வருஷம் படிக்கிறார்கள் கோதாரோவும் அகானேவும். அவன் எழுத்தாளனாக நினைக்கிற, புத்தகத்தோடேயே கிடக்கிற பையன். அவள் ஓட்டப்பந்தயக்காரி. இரண்டு பேருக்கும் பேச வராது! பக்கத்தில் இருக்கும்போது வாயடைத்துப்போய், வீட்டுக்கு வந்ததும் லைன் என்கிற மெசேஜ் செயலியில் தட்டுகிறார்கள். அவள் பதில் வந்ததும் அவன் தன் அறை விளக்கிலிருந்து தொங்குகிற கயிற்றைக் குத்துச்சண்டை மாதிரி குத்துவான் பாருங்கள், அந்த வயதின் சந்தோஷத்தை இவ்வளவு உண்மையாகக் காட்டிய காட்சி வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

அவன் மூன்றாவது எபிசோடிலேயே கேட்டுவிடுகிறான். மீதி ஒன்பதும் அதற்குப் பிறகு வருகிற வாழ்க்கை. குடும்பப் பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சொந்தப் பெயருக்கு மாறுவதே அங்கே ஒரு பெரிய படி. அந்த இடத்தில் சப்டைட்டிலை மட்டும் படிக்காமல் காதையும் கொடுத்துக் கேளுங்கள். அப்புறம் அகானேயின் அப்பாவுக்கு வேலை மாற்றல், உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. வில்லன் என்று ஒருவரும் கிடையாது, தூரம்தான் பிரச்சினை. தலைப்புக்கு 'நிலா அழகாக இருக்கிறது' என்று பொருள். ஐ லவ் யூ என்பதை ஜப்பானிய மொழியில் இப்படிச் சொன்னால் போதும் என்று எழுத்தாளர் நத்சுமே சோசேகி சொன்னதாக ஒரு கதை உண்டு. அவர் எழுதியதில் அதற்கு ஆதாரம் இல்லை, ஆனாலும் ஜப்பானில் பலருக்கும் தெரிந்த கதை.

பெரியவர்களின் காதல் வேண்டும் என்றால் 'மேசோன் இக்கோகு'. பழசு, 1986 முதல் 1988 வரை 96 எபிசோட் ஓடியது. பழைய பாணி ஓவியம் என்று தள்ளிவிடாதீர்கள். ருமிகோ தகஹாஷியின் மாங்கா 1987-இல் முடிந்தது, அனிமேவும் கடைசி வரை போகிறது. அறை அறையாக வாடகைக்கு விட்ட ஒரு மர வீடு. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று மறுபடி படிக்கிற கோதாய் அங்கே குடியிருக்கிறான். வீட்டைக் கவனிக்க வருகிறவர் கியோகோ, கல்யாணமான சில மாதத்திலேயே கணவரை இழந்த இளம்பெண். அவர் வளர்க்கும் நாய்க்கு இறந்துபோன கணவரின் பெயர்! கோதாய் வருஷக்கணக்காக அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'கன்ரினின்-சான்', அதாவது வீட்டு நிர்வாகி என்றே கூப்பிடுகிறான்.

நடுவில் பொறுமையைச் சோதிக்கும், உண்மைதான். தப்பாகப் புரிந்துகொள்வதே நாற்பது எபிசோடுக்கு ஓடும். ஆனால் இறந்தவரை மறந்துவிட்டு வா என்று இந்தக் கதை கியோகோவிடம் ஒருபோதும் கேட்பதில்லை. அந்த நினைவோடேயே அவரை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு கோதாய் வளர வேண்டியிருக்கிறது. அது ஒரே நாளில் நடக்காது, அதனால்தான் 96 எபிசோட். கணவரின் கல்லறை முன்னால் கோதாய் பேசுகிற இடம் வரும்போது அத்தனை நேரம் உட்கார்ந்திருந்ததற்கும் பலன் கிடைத்துவிடும். அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

லேசாகச் சிரித்துக்கொண்டு பார்க்க 'ஓரே மோனோகதாரி', 2015, 24 எபிசோட். மலை மாதிரி உடம்புள்ள தகேயோ, ரயிலில் ஒருவனின் சில்மிஷத்திலிருந்து அவன் காப்பாற்றிய பெண் யமாதோ. மூன்றாவது எபிசோடில் ஜோடியாகிவிடுகிறார்கள், மீதி முழுக்க நல்ல மனுஷர்கள் நல்லபடி இருப்பது. 'தோரதோரா' 25 எபிசோடில் நாவலின் முடிவு வரை போகிறது, கிறிஸ்துமஸ் எபிசோடுக்குப் பிறகு நிறுத்தவே முடியாது.

அழுதாலும் பரவாயில்லை என்றீர்களே, அதற்கு 'க்லன்னாட்', 2007. அதையடுத்து 2008-இல் வந்த 'ஆஃப்டர் ஸ்டோரி'. முதல் பாகம் பள்ளிக் காதல். இரண்டாவதில் தோமோயா படிப்பை முடித்து, தெருவிளக்குக் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறான், வாடகை கட்டுகிறான், கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். சம்பளக் கவலையையும் காதல் கதைக்குள் வைத்த அனிமே குறைவு. ஆனால் மனசு சரியில்லாத நாளில் வேண்டாம். வீட்டில் அண்மையில் ஒரு இழப்பு நடந்திருந்தால் இன்னும் சில மாதம் தள்ளிப்போடுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், த்சுகி கா கிரேய்தான். ஒரு வார இறுதி போதும். ஒரே ஒரு வேண்டுகோள், தங்கச்சி: 12-ஆவது எபிசோடின் கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள், அடுத்ததற்குத் தாவவும் வேண்டாம். ஓரத்தில் வருகிற ஒவ்வொரு லைன் மெசேஜையும் நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். நீங்கள் கேட்ட முடிவு அங்கேதான் இருக்கிறது.