ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு

[திரையில்: நியூயார்க். பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் இன்றைய தோற்றம். கேமரா மெதுவாக மேலே ஏறுகிறது.]

வணக்கம். இந்தக் கட்டடத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கத்துக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. இன்று நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். 1911-இல் இதற்கு ஆஷ் பில்டிங் என்று பெயர். எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மேல் மூன்று மாடிகளில் டிரையாங்கிள் என்ற தையல் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது.

அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகள் என்றதும் பெர்ல் துறைமுகம், ஹிரோஷிமா, நிலவில் கால் வைத்தது, இரட்டைக் கோபுரம் என்று வரிசையாக நினைவுக்கு வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு சாதாரண தொழிலாளியின் அன்றாட வாழ்க்கையை எது மாற்றியது என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த ஒன்பதாவது மாடியில் இருந்த ஒரு கதவை. அன்று அது பூட்டியிருந்தது.

[திரையில்: தையல் மெஷின்கள் நீளமாக வரிசையில் நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம்.]

அங்கே தைத்தது ஷர்ட்வெயிஸ்ட். ஆண்களின் சட்டை மாதிரி முன்பக்கம் பட்டன் வைத்த, பெண்கள் அணியும் மேலாடை. வேலைக்குப் போகத் தொடங்கிய பெண்கள் விரும்பி வாங்கிய உடை. அதைத் தைத்தவர்களும் பெண்கள்தான். பெரும்பாலும் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர்கள். 14, 16, 18 வயதுப் பிள்ளைகள் அதிகம்.

இவர்கள் வாய் மூடி இருந்தவர்கள் இல்லை. 1909 நவம்பர் 22 அன்று கூப்பர் யூனியன் அரங்கில் தொழிலாளர் கூட்டம். தலைவர்கள் மணிக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார்கள். கிளாரா லெம்லிக் என்ற 23 வயதுப் பெண் எழுந்து, பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, வேலைநிறுத்தம் செய்வோம் என்று கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் சொன்னார். சுமார் 20,000 பேர் தெருவில் இறங்கினார்கள். கூலியும் வேலை நேரமும் மட்டுமல்ல, பாதுகாப்பான வெளியேறும் வழியும் திறந்த கதவும் வேண்டும் என்றும் கேட்டார்கள். சின்னக் கம்பெனிகள் பல இறங்கி வந்தன. டிரையாங்கிள் சங்கத்தை ஏற்கவே இல்லை.

சரி, கதவை ஏன் பூட்டினார்கள்? திருட்டு பயம். தொழிலாளிகள் எல்லோரும் கிரீன் தெருப் பக்கத்து வழியாக மட்டுமே வெளியே போக வேண்டும்; போகும்போது கைப்பையைத் திறந்து காட்ட வேண்டும். எதிர்ப்பக்கம், அதாவது வாஷிங்டன் பிளேஸ் பக்கத்துக் கதவு, பூட்டியே கிடக்கும். அப்படி எவ்வளவுதான் திருடு போனது? முதலாளிகளில் ஒருவரான ஐசக் ஹாரிஸ் பின்னால் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்: 25 டாலரைத் தாண்டாது.

இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: கறுப்புத் திரை. "1911 மார்ச் 25, சனிக்கிழமை, மாலை 4.40"]

வேலை முடியும் நேரம். எட்டாவது மாடியில் கட்டிங் மேஜைகளுக்கு அடியில் மரப்பெட்டிகள். துணி வெட்டும்போது விழும் துண்டுகளை அதில் தள்ளுவார்கள். இரண்டு மாதமாக யாரும் அள்ளிக்கொண்டு போகவில்லை. மெல்லிய பருத்தித் துணி, நடுநடுவே டிஷ்யூ தாள். யாரோ போட்ட தீக்குச்சியோ அணையாத சிகரெட்டோ அதில் விழுந்தது என்பதுதான் தீயணைப்பு அதிகாரியின் முடிவு. வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். குழாயை இழுத்தார்கள், தண்ணீர் வரவில்லை.

எட்டாவது மாடியிலிருந்து பத்தாவது மாடிக்கு போன் போனது. முதலாளிகள் உட்பட மேலே இருந்தவர்கள் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். பக்கத்துக் கட்டடத்தில் படித்துக்கொண்டிருந்த சட்ட மாணவர்கள் ஏணி போட்டு அவர்களை இழுத்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த ஒன்பதாவது மாடிக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. தீயே வந்துதான் சொன்னது.

அங்கே இருந்தவர்கள் சுமார் 250 பேர். ஒரு படிக்கட்டில் தீ. இன்னொரு பக்கம் பூட்டிய கதவு. வெளிப்புறத்து இரும்புப் படி பாரம் தாங்காமல் ஆட்களோடு பெயர்ந்து விழுந்தது. லிஃப்டை ஓட்டிய ஜோசப் ஸீட்டோவும் காஸ்பர் மோர்ட்டிலாரோவும் புகைக்குள் திரும்பத் திரும்ப மேலே போய், முடிந்தவரை ஆட்களைக் கீழே இறக்கினார்கள். லிஃப்ட் இனி நகராது என்ற நிலை வரும் வரை அவர்கள் நிறுத்தவில்லை. தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் அதன் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டும்.

மீதி இருந்தவர்களுக்கு ஜன்னல்தான் மிஞ்சியது.

146 பேர் இறந்தார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள். எல்லாம் அரை மணி நேரத்துக்குள். கட்டடம் தீப்பிடிக்காத கட்டடம் என்று பெயர் வாங்கியது. அது உண்மைதான், சுவர்கள் அப்படியே நின்றன.

[திரையில்: ஃபிரான்சஸ் பெர்கின்ஸின் உருவப்படம்.]

அப்போது சதுக்கத்தின் மறுபக்கம் ஒரு தோழி வீட்டில் தேநீர் குடிக்கப் போயிருந்தார் ஃபிரான்சஸ் பெர்கின்ஸ். வயது 30. பெண் தொழிலாளர்களின் வேலை நேரத்தைக் குறைக்கச் சட்டம் கேட்டு அலைந்துகொண்டிருந்தவர். தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்டுச் சதுக்கத்தைக் கடந்து ஓடினார். ஜன்னல் விளிம்பில் நின்றவர்கள் விழுவதை அவர் தன் கண்ணால் பார்த்தார்.

முதலாளிகள் மீது வழக்கு நடந்தது. ஆனால் நீதிமன்றத்தில் அந்தப் பெண்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்கு அந்த நேரத்தில் தெரியும் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. ஜூரி இருவரையும் விடுவித்தது. 1914-இல் உயிர் ஒன்றுக்கு 75 டாலர் என்று சிவில் வழக்குகள் முடிந்தன. அதற்குள் 1913-இல், இன்னொரு முதலாளி மேக்ஸ் பிளாங்க் தன் புதிய தொழிற்சாலையிலும் வேலை நேரத்தில் கதவைப் பூட்டி மாட்டிக்கொண்டார். அபராதம் 20 டாலர். இதைப் படித்த நாளில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மாற்றம் வேறு வழியில் வந்தது. நியூயார்க் மாநிலம் ஒரு தொழிற்சாலை விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் மாநில செனட்டர் ராபர்ட் வாக்னர், துணைத் தலைவர் அல் ஸ்மித். இருவரும் பழுத்த அரசியல்வாதிகள். அறிக்கையைக் கையில் கொடுத்தால் அது மேஜையிலேயே கிடக்கும் என்று குழுவுக்கு உதவிய பெர்கின்ஸுக்குத் தெரியும். அதனால் குழுவில் இருந்தவர்களையே தொழிற்சாலைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு தொழிற்சாலையில், தீ பிடித்தால் தப்பிக்கும் வழி என்று சுவரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. வாக்னரை அதற்குள் தவழ வைத்தார். வெளியே பனி உறைந்த இரும்பு ஏணி. அதுவும் தரைக்குப் பன்னிரண்டு அடி மேலேயே முடிந்துவிட்டது. செனட்டர் அங்கே நின்று கீழே பார்த்த அந்த நொடியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

அடுத்த சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. தீ ஒத்திகை, தானியங்கி நீர்த் தெளிப்பான், வேலை நேரத்தில் பூட்டாத கதவு, கழிவை அன்றன்றைக்கே அகற்றுவது.

1933-இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆனபோது பெர்கின்ஸைத் தொழிலாளர் துறைக்கு அழைத்தார். அமெரிக்க அமைச்சரவையில் முதல் பெண் அவர்தான். சும்மா ஒப்புக்கொள்ளவில்லை, தனக்கு வேண்டியதைச் சொல்லி, அதற்கு ஆதரவு உண்டா என்று கேட்டுக்கொண்டுதான் சேர்ந்தார். அப்புறம் வந்தவை 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 1938-இன் நியாயத் தொழில் தரச் சட்டமும். முதியோர் ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு, குறைந்தபட்சக் கூலி, குழந்தைத் தொழிலுக்குத் தடை, வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற வரம்பு. வயல் வேலைக்காரர்களையும் வீட்டு வேலைக்காரர்களையும் இந்தச் சட்டங்கள் தொடக்கத்தில் வெளியே விட்டன. கறுப்பின மக்களில் பெரும் பகுதியினர் அதில் அடிபட்டுப் போனார்கள். அந்தக் குறையை மறைக்கக் கூடாது. ஆனாலும் இந்தச் சட்டங்களையெல்லாம் உள்ளடக்கிய ரூஸ்வெல்ட்டின் 'நியூ டீல்' என்ற புதிய திட்டம் பிறந்த நாள் எது என்று பெர்கின்ஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்: 1911 மார்ச் 25.

இங்கே ஒரு விஷயம். அனைத்துலக மகளிர் தினமே இந்தத் தீயால்தான் வந்தது என்று சொல்வதுண்டு. அது சரியில்லை. முதல் அனைத்துலக மகளிர் தினம் தீக்கு ஆறு நாள் முன்பே, 1911 மார்ச் 19 அன்று, ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்து நாடுகளில் நடந்துவிட்டது.

[திரையில்: டாக்கா அருகே தொழிற்சாலைப் பகுதி.]

தையல் வேலை பின்னால் நாடு விட்டு நாடு போனது. கூடவே பூட்டும் போனது. 2012 நவம்பர் 24, டாக்கா அருகே தஸ்ரீன் தொழிற்சாலைத் தீ. 110 பேருக்கு மேல் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. ஐந்து மாதம் கழித்து, தையல் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,134 பேர் போனார்கள். அதன் பிறகுதான், துணி வாங்கும் பெரிய கம்பெனிகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்று 2013-இல் பங்களாதேஷில் வந்தது. பொறியாளர்கள் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்க் கழற்றச் சொன்னவற்றில் வெளிவாசல் பூட்டுகளும் உண்டு.

[திரையில்: நடைபாதையில் சாக்பீஸ் எழுத்துகள்.]

ஆண்டுதோறும் மார்ச் 25 அன்று நியூயார்க்கில் தன்னார்வலர்கள் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். இறந்தவர்கள் அன்று குடியிருந்த வீட்டு வாசலுக்குப் போய், நடைபாதையில் குனிந்து, பெயரும் வயதும் எழுதுகிறார்கள். ஒரு மழை வந்தால் அழிந்துவிடும். அடுத்த மார்ச்சில் மறுபடி எழுதுவார்கள்.